பயணம் திரை விலக்கும்

அரபு மொழியில் பயணத்துக்கு ‘ஸஃபர்’ என்று பெயர். திரையை விலக்குதல், மறைந்திருப்பதை வெளிப்படுத்துதல் என்னும் பொருளும் அச்சொல்லின் வேரில் அடங்கியிருக்கிறது. மனிதனின் குணத்தை மூடியிருக்கும் திரையைப் பயணம் விலக்கிவிடுகிறது. அதனால்தான் அதற்கு இப்பெயர் என்று அறிஞர் பெருமக்கள் விளக்கம் சொல்வார்கள். ஒரு மனிதரைப் பற்றி நற்சான்று கூற வந்தவரிடம், அவருடன் பயணம் செய்ததுண்டா என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வினவினார்களாம். இல்லை என்று பதில் வந்ததும், அப்படியானால் அவரை நீர் அறிந்தவரல்லர் என்று கூறிவிட்டார்களாம். மதரஸாக்களில் நாங்கள் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லிவரும் செய்தி இது.

அன்புச் சகோதர சகோதரிகளே! நண்பர்களுக்கும் பங்காளிகளுக்கும் மட்டுமே இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்க்கிறோம். கணவன் மனைவிக்கு இதைப் பொருத்திப் பார்த்ததுண்டா? நம் ஊர்களின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். திருமணம் முடிந்த நாற்பதாம் நாள் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுகிறார். ஈராண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. அதில் முதல் வாரம் உறவினர் வீடுகளுக்கு ஸலாம் சொல்லப் போவதில் கழிகிறது. பிறகு வீட்டு மராமத்து, தங்கையின் திருமணம், நிலப் பத்திரம், வாப்பாவின் மருத்துவம். திரும்பிப் பார்ப்பதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடுகிறது. இத்தகைய இல்வாழ்க்கையில் இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதைக்குரிய விருந்தினராகவே இருந்து காலத்தைக் கழித்துவிட முடியும்.

அவ்வாறு ஒன்பது ஆண்டுகளைக் கழித்த ஒரு தம்பதியின் பயணத்தைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். கணவர் என்னிடம் ஓதிய மாணவர்; வளைகுடா நாடொன்றில் பணிபுரிபவர். இருவரும் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோர ஊர்க்காரர்கள். ஒன்பது ஆண்டுகளில் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த நாட்களைக் கூட்டினால் ஒன்றரை ஆண்டுகூடத் தேறவில்லை. கடந்த விடுப்பில் தங்கள் ஆறு வயது மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, தோளில் ஆளுக்கொரு பையுடன் மாலத்தீவுக்குப் புறப்பட்டனர். கணவர் தம் பங்கை என்னிடம் சொன்னார். மனைவி தம் பங்கை என் வீட்டாரிடம் சொன்னார். பெயரைக் குறிப்பிடாமல் எழுதிக்கொள்ள இருவருமே இசைந்தனர்.

ஏன் மாலத்தீவு?

மாலத்தீவு என்றதும் செல்வச் சீமான்கள் தங்கும் உல்லாச விடுதிகளே பலர் நினைவுக்கு வரும். 1972-ஆம் ஆண்டு முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. அதன் பிறகு நெடுங்காலம் வெளிநாட்டுப் பயணிகளுக்கென ஆளில்லாத் தீவுகளே ஒதுக்கப்பட்டன. மக்கள் வாழும் தீவுகளில் அவர்கள் தங்க வழியில்லாதிருந்தது. 2009-ஆம் ஆண்டுவாக்கில் அந்த விதி தளர்ந்தது. அதன்பின் ஊர் மக்களே தம் தெருக்களில் சிறு விருந்தினர் இல்லங்களைத் திறந்தனர். உல்லாச விடுதியில் ஓர் இரவுக்கு ஆகும் செலவில் இவ்வில்லங்களில் பல இரவுகள் தங்கலாம்.

ஏறத்தாழ 1,200 தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் மக்கள் வாழ்பவை சுமார் 200 மட்டுமே. மக்கள் அனைவரும் முஸ்லிம்கள். ஊர்த் தீவுகளில் மதுவுக்கு இடமில்லை. உணவைப் பற்றி ஐயம் கொள்ள வேண்டியதில்லை. பாங்கொலி கேட்காத தெரு இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். எனவே நம் மாணவர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் குறையொன்றும் சொல்வதற்கில்லை.

குறை வேறோர் இடத்தில் இருந்தது. மனைவியை வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்று எண்ணி, பயணச் சீட்டையும் தங்குமிடத்தையும் உறுதி செய்துவிட்டுத்தான் அவர் செய்தியைச் சொன்னார். மனைவி, “சரிங்க” என்றார். அந்த ஒரு சொல்லை மகிழ்ச்சி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

முதல் நாள்: கடல் சூழ்ந்த தலைநகர்

அந்நாட்டின் விமான நிலையமே தனித் தீவு ஒன்றில் இருக்கிறது. முன்னர் அங்கிருந்து தலைநகர் மாலேக்குப் படகில்தான் போக வேண்டும். 2018-ஆம் ஆண்டு கடல்மேல் பாலம் திறக்கப்பட்ட பிறகு பேருந்திலேயே போய்விடலாம். அந்தப் புதன்கிழமை மாலை இருவரும் பேருந்தில்தான் பாலத்தைக் கடந்தனர். கணவர் சன்னலோரம் அமர்ந்து நீலத்தின் வகைகளை எண்ணிக்கொண்டு வந்தார். மனைவி மடியிலிருந்த பையின் வாரையே பார்த்துக்கொண்டு வந்தார் என்பதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

மாலே மிகச் சிறிய தீவு. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தே போய்விடலாம். ஆயினும் உயர்ந்த கட்டடங்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருங்கிக் கிடக்கின்றன. அந்த நெரிசலின் நடுவே ‘ஹுகுரு மிஸ்கீ’ எனப்படும் பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் அமைதியாக நிற்கிறது. சுல்தான் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் 1658-ஆம் ஆண்டு கட்டியது அது. செங்கல்லும் கருங்கல்லும் இல்லாத நாட்டில், கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைகளை அறுத்து, ஒன்றோடொன்று பொருந்தும்படி செதுக்கி, சாந்து பூசாமலே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கற்களில் பூவேலைப்பாடு, உள்ளே மரத்தில் அரக்கு வண்ண வேலைப்பாடு. சுற்றிலும் அடக்கத்தலங்கள். ஆண்களின் மீஸான் கற்கள் கூர்முனையுடனும், பெண்களின் மீஸான் கற்கள் வளைந்த தலையுடனும் இருக்கின்றன. எதிரே உள்ள ஸியாரத்தில், 1153-ஆம் ஆண்டு அத்தீவுகளின் மன்னர் இஸ்லாத்தை ஏற்கக் காரணமாயிருந்த பெரியார் அடங்கியிருப்பதாக அம்மக்கள் மதிக்கிறார்கள். 

கடைப் பலகைகளில் இருந்த ‘தானா’ எழுத்தைப் பார்த்து நின்றவர் மனைவிதான். திவேஹி மொழிக்குரிய அந்த எழுத்து வலமிருந்து இடமாகச் செல்கிறது. உயிரொலிகள் மேலும் கீழும் குறிகளாக வருகின்றன. முதல் ஒன்பது எழுத்துகளும் அரபு எண்களின் வடிவிலிருந்தே பிறந்தவை. ஆறு தீவுக்கோ ஏழு தீவுக்கோ அப்பால் வாழ்வோரும் தம் மொழியை இப்படித்தானே எழுதிக் காத்திருக்கிறார்கள் என்று அவர் தம் பாட்டியின் அரபுத்தமிழ்க் கிதாபுகளை நினைத்துக்கொண்டார். பள்ளிப் படிப்பு இல்லாத அந்தப் பாட்டி அர்வி எழுத்தில் தடையின்றி ஓதுவாராம். இச்செய்தியைக் கணவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

இரவு உணவுக்கு ஒரு தேநீர்க் கடை. சூரை மீனைத் துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றுடன் பிசைந்து ‘மஸ்ஹுனி’ என்று மெல்லிய ரொட்டியுடன் தருகிறார்கள். காலை உணவுக்குரிய அதை அக்கடையில் இரவிலும் கேட்டு வாங்கினர். திவேஹியில் ‘மஸ்’ என்றால் மீன். நம் கடலோர வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசி அத்தீவுகளிலிருந்து வந்த பண்டமே. படகை அவர்கள் ‘தோணி’ என்றே சொல்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போகும் சரக்குக் கலங்களையும் நாம் தோணி என்றுதானே அழைக்கிறோம்! இடையிலிருக்கும் கடல் பிரிப்பதைவிடச் சேர்ப்பதே அதிகம்.

இரண்டாம் நாள்: படகுத்துறை

வியாழக்கிழமை. தெற்கே உள்ள குல்ஹி என்னும் சிறு தீவுக்குப் பயணிகள் படகில் போவதாகத் திட்டம். மறுநாள் வெள்ளிக்கிழமை அந்த வழியில் படகு இல்லை. விரைவுப் படகுக்கோ கட்டணம் பல மடங்கு. ஆகவே அன்றைய படகைத் தவறவிட்டால் சனிக்கிழமைதான்.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தனர். மக்கள் வரிசையாக ஏறினர். கணவர் இரு பைகளையும் உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மனைவி துறையின் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அழைத்தார், அவர் அசையவில்லை. பிறர் பார்க்கிறார்கள் என்னும் கூச்சத்தில் குரல் சற்று உயர்ந்தது. அவர் தலையை மட்டும் அசைத்தார். படகோட்டி கயிற்றை அவிழ்க்க, கணவர் பைகளை எடுத்துக்கொண்டு தரைக்குத் தாவினார். படகு போய்விட்டது.

முதலில் தமக்குக் கோபமே வந்தது என்று அவர் மறைக்காமல் சொன்னார். முன்பணம் கட்டிய அறைக்கு ஒருநாள் வாடகை போயிற்று. மாலேயில் அறை வாடகை அதைவிட அதிகம். நான்கு மாதச் சேமிப்பு கண்முன் கரைவது போலிருந்தது. “ஏறுவதற்கு என்ன தயக்கம்? இதற்குத்தானே வந்தோம்!” என்று கடிந்துகொண்டார். மனைவி பதில் கூறாமல் சுவரருகே அமர்ந்துவிட்டார். வெகுநேரத்துக்குப் பிறகு, “நான் தண்ணிப் பக்கம் போறதில்லைங்க” என்றார்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. நம் நாகை மாவட்டக் கரைகளை ஆழிப்பேரலை விழுங்கிய நாள். அப்போது அவருக்குப் பதினொரு வயது. மீன் வாங்கப் போன சாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தது அவர் மட்டும். அன்றிலிருந்து அவர் கடலில் கால் வைத்ததில்லை.

ஓர் உறவினர் அப்பேரலையில் ஷஹீதானார் என்பது கணவருக்குத் தெரியும். உடனிருந்த சிறுமி தம் மனைவிதான் என்பது தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பது ஆண்டுகளில் அவரும் கேட்டதில்லை. ஊரில் இருந்தபோது கடற்கரைக்குப் போகலாம் என்று அவர் அழைத்த போதெல்லாம், மாவு அரைக்க வேண்டும், மகளுக்கு ஜலதோஷம் என்று ஏதேனும் காரணம் வந்திருக்கிறது. கடலோர ஊரில் வாழும் பெண்ணுக்குக் கடலில் ஆர்வம் இல்லை போலும் என்று அவர் விட்டுவிட்டார்.

சகோதரர்களே! ‘ஸஃபர்’ திரையை விலக்கிய இடம் இதுதான். வீட்டில் ஒன்பது ஆண்டுகள் மூடிக்கிடந்ததை ஒரு படகுத்துறை ஒரே நாழிகையில் திறந்துவிட்டது. விலகியது மனைவியின் முகத்திரை மட்டுமா? கோபத்தில் முதலில் பணத்தை எண்ணிய கணவரின் முகமும் அவருக்கே அன்று தெரிந்தது.

அப்போது அவர் செய்தது எனக்கு நிறைவளித்தது. ஆறுதல் மொழிகளை அடுக்கவில்லை. கடலுக்குப் பயப்படலாமா என்று உபதேசமும் செய்யவில்லை. “எஞ்சிய நாட்களை மாலேயிலேயே கழிப்போம். நீ சொன்னால் நாளைக்கே ஊருக்குத் திரும்புவோம். இனி நீ கேட்காமல் படகைப் பற்றி நான் பேச மாட்டேன்” என்றார். சொன்னபடியே பேசாமலும் இருந்தார்.

வெள்ளிக்கிழமை: ஒரு காழியின் நினைவு

மறுநாள் ஜும்ஆவுக்குப் பொன்னிறக் கூம்பு கொண்ட பெரிய பள்ளிவாசலுக்குச் சென்றனர். 1984-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பள்ளிவாசலில் ஐயாயிரம் பேர் தொழலாம். பெண்களுக்கும் தனி இடம் உண்டு. 

அந்நாட்டின் ஜும்ஆவைப் பற்றிப் பேசும்போது இப்னு பதூதாவை நினைக்காமல் இருக்க இயலாது. 1325-ஆம் ஆண்டு தாம் பிறந்த தன்ஜா நகரிலிருந்து புறப்பட்ட அந்த மாபெரும் பயணி, 1343-ஆம் ஆண்டு இத்தீவுகளுக்கு வந்து சேர்ந்து காழியாகப் பணியாற்றினார். ஜும்ஆத் தொழுகைக்கு வராதவர்களிடம் கண்டிப்புக் காட்டியதைத் தம் பயண நூலில் அவரே குறித்திருக்கிறார். கதீஜா என்னும் பெண்ணரசி அங்கு ஆண்டதையும், மக்கள் இறையச்சமும் தூய்மையும் மிக்கவர்களாக இருந்ததையும், தென்னை நாரில் திரித்த கயிறும் சோழிகளும் கப்பலேறிப் பிறநாடுகளுக்குச் சென்றதையும் எழுதியிருக்கிறார். வங்காளத்து அரிசிக்கு விலையாகச் சோழிகளே சென்றன. 1344-ஆம் ஆண்டு அங்கிருந்து கிளம்பி, இலங்கையில் பாவா ஆதம் மலையைக் கண்டு, பிறகு நம் மஅபர் கரைக்கு வந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் அவருக்குச் சகலை முறை. ஆக, நம் தம்பதி போன வழி நமக்குப் புதிய வழி அன்று. எழுநூறு ஆண்டு நடந்து தேய்ந்த வழி.

அன்று மாலை இருவரும் பேருந்திலேயே ஹுல்ஹுமாலேக்குச் சென்றனர். கடலைத் தூர்த்து மனிதர் உண்டாக்கிய தீவு அது. பணி 1997-ஆம் ஆண்டு தொடங்கியது. கிழக்குப் பக்கம் நீண்ட மணற்கரை. மனைவி கரையிலிருந்து தள்ளியே அமர்ந்தார். கணவரும் அவரருகே அமர்ந்துகொண்டார். மஃரிபுக்குச் சற்று முன், “நாளைக்கு எத்தனை மணிக்குப் படகு?” என்று மனைவியே கேட்டார்.

நான்காம் நாள்: குல்ஹி

சனிக்கிழமைப் படகில் அவர் நடு இருக்கையில், நீர் தெரியாத இடமாகப் பார்த்து அமர்ந்தார். வாகனம் ஏறும்போது ஓதும் துஆவை ஓதிக்கொண்டார். நூஹ் (அலை) அவர்களின் கப்பலை நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். பக்கத்தில் காய்கறிக் கூடையும் கைக்குழந்தையுமாக ஒரு தீவுப் பெண். வழியில் அலை சற்று எழும்பியபோது அப்பெண் தம் குழந்தையை இவர் மடியில் வைத்துவிட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையைக் கையில் வைத்திருக்கும்போது பயப்பட நேரம் ஏது? ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் அவ்வாறே முடிந்தது.

குல்ஹியைச் சில நிமிடங்களில் நடந்தே சுற்றிவிடலாம். வெண்மணல் தெருக்கள். தென்னை, கடப்பலா மரங்களின் நிழல். வீட்டு வாசல்களில் இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை பின்னிய ‘ஜோலி’ இருக்கைகள். மரநிழலில் ‘உந்தோலி’ எனும் ஊஞ்சல். வருவோரை ஓர் ஓரத்துக் கடற்கரைக்கு வழிகாட்டும் பலகையும் உண்டு. மேலைநாட்டார் தம் வழக்கப்படி உடுத்திக் குளிப்பதற்கென மறைத்து ஒதுக்கிய இடம் அது. தீவின் மற்றப் பகுதிகளில் கண்ணியமான உடை வேண்டும் என்பது ஊர் விதி. நம் சகோதரிக்கு இதனால் ஒரு வசதி: ஊர்ப் பெண்கள் முழு உடையுடன் பிள்ளைகளோடு இறங்கும் கரையில் எவ்வித உறுத்தலுமின்றி இருக்க முடிந்தது.

விருந்தினர் இல்லத்துக்காரரின் தாயார் ஊஞ்சலில் அமர்ந்திருப்பவர். மருத்துவத்துக்காகத் திருவனந்தபுரத்தில் பல மாதங்கள் தங்கியிருந்ததால் மலையாளம் பேசுவார். இவர் தமிழில் சொல்ல, அவர் மலையாளத்தில் கேட்க, மதிய உணவுக்குள் உறவாகிவிட்டனர். உணவு ‘கருதியா’: உப்பு நீரில் வெந்த சூரையின் தெளிந்த சாறு, சோறு, எலுமிச்சை, பச்சை மிளகாய். சூரையை அவர்கள் வலையிட்டு அள்ளுவதில்லை; தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாகப் பிடிப்பதே பல நூற்றாண்டு வழக்கம். 

அந்தத் தாயார் தெற்கே வேறோர் அட்டோலில் பிறந்தவர். (உலகமெங்கும் வழங்கும் ‘அட்டோல்’ என்ற சொல்லே திவேஹி மொழி ஈந்ததுதான்.) ஆழிப்பேரலையைப் பற்றி இவர் தயங்கித் தயங்கிச் சொன்னதும், அவர் ஊஞ்சலை நிறுத்திவிட்டுத் தம் கதையைச் சொன்னார். அதே ஞாயிற்றுக்கிழமை. ஏறி ஒதுங்க ஒரு மேடும் இல்லாத தீவு. நீர் ஒரு கரையில் ஏறி மறுகரையில் இறங்கிற்று. கிணறுகள் உப்பாயின, தென்னைகள் பட்டுப்போயின, அண்டை வீட்டில் ஒரு குழந்தை போயிற்று. அந்நாடு முழுவதிலும் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கந்தொல்ஹுதூ என்னும் தீவின் மக்கள் தம் மண்ணையே கைவிட்டு, 2008-ஆம் ஆண்டு துவாஃபரு என்னும் வேறு தீவில் குடியேறினார்கள்.

“பிறகு எப்போது கடலில் இறங்கினீர்கள்?” என்று இவர் கேட்டார். அம்மூதாட்டி சிரித்தாராம். கயிறு திரிப்பதற்கு மட்டையைக் கடலோர நீரில்தானே ஊறவைக்க வேண்டும். வேலை இருந்தது, இறங்கினேன் என்றாராம். பிறகு, “பயம் போன பின்பு இறங்கலாம் என்றிருந்தால் இன்னும் கரையில்தான் இருப்பேன்” என்று சொல்லி, இவர் கையைப் பிடித்து எழுப்பினார்.

அன்று அஸருக்குப் பிறகு இருவரும் கரைக்குப் போயினர். கணவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் மரநிழலில் நின்றுகொண்டார். தீவைச் சூழ்ந்த பவளத்திட்டு அலைகளைத் தொலைவிலேயே உடைத்துவிடுவதால், கரையோர நீர் குளம்போல் அசையாதிருந்தது. கணுக்கால்வரை இறங்கினார். சிறு மீன்கள் காலைச் சுற்றின. சாச்சியின் பெயரைச் சொல்லி ஒரு ஃபாத்திஹா ஓதினார். திரும்பினார். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் முழங்கால்வரை இறங்கினார்.

நீந்தினாரா, முகமூடி அணிந்து பவளப் பூங்காவைக் கண்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. கணவர் மட்டும் மிதவைச் சட்டை அணிந்து, வழிகாட்டியுடன் சென்று பார்த்துவந்தார். 1998, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் மிகுந்து வெளுத்துப்போன பவளங்கள் இடையிடையே எலும்புக்காடு போல் தெரிந்தன. சில இடங்களில் புதுத்தளிர்களும் இருந்தன. பவளம் அழிந்தால் அலையைத் தடுக்கும் அரண் அழியும். நாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட உயராதது. இயற்கையாக அமைந்த மிக உயர்ந்த இடமே இரண்டரை மீட்டருக்குள்தான். கடல் உயர்ந்துவருவதை உலகுக்கு உணர்த்த, 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு அமைச்சரவை நீருக்கடியில் கூடியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அச்சத்துடன் கடலருகே வாழப் பழகிய ஒரு நாட்டில், அச்சத்துடன் வந்த ஒரு பெண்ணுக்குத் துணை கிடைத்தது அல்லாஹ்வின் ஏற்பாடன்றி வேறென்ன?

ஓட்டப் பந்தயம்

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். அன்னையார் முந்தினார்கள். பின்னொரு பயணத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று சிரித்துக்கொண்டே கூறினார்கள். அபூதாவூத் முதலிய நூல்களில் பதிவான செய்தி. படைக்குத் தலைமை தாங்கி, சமுதாயத்தின் சுமையனைத்தையும் சுமந்தவர்கள், மனைவியுடன் ஓடி விளையாட நேரம் கண்டார்கள். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இந்த ஸுன்னத்து நினைவிருக்கிறது?

ஞாயிறு காலை, சுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஆளரவமற்ற மணலில் தாங்களும் ஓடியதாக என் மாணவர் கூச்சத்துடன் சொன்னார். யார் வென்றார் என்று நான் கேட்கவில்லை. தோற்றவர் தாமே என்று அவராகவே சொன்னார்.

புறப்படுவோர் கவனத்துக்கு

இதைப் படித்துவிட்டுப் பை கட்ட எண்ணுவோருக்குச் சில குறிப்புகள்:

இந்தியருக்கு அங்கு இறங்கியதும் அனுமதி கட்டணமின்றி வழங்கப்படுகிறது. திரும்பும் சீட்டும் தங்குமிட உறுதியும் கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரப் படிவம் நிரப்ப வேண்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல்வரை வானமும் கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று வீசும், படகுகள் ஆடும். தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துச் செல்லுங்கள்.

படகு இல்லாத நாட்களை முன்கூட்டியே விசாரியுங்கள். வெள்ளிக்கிழமையைக் கணக்கில் கொள்ளாமல் திட்டமிடாதீர்கள். விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவு மாலே வந்துவிடுவது நல்லது.

பயணத் தொழுகையின் சலுகைகளை அறிந்துகொண்டு செல்லுங்கள். ஓரிடத்தில் எத்தனை நாள் தங்கும் எண்ணம் இருந்தால் கஸ்ர் நீங்கும் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவளத்தின் மீது நிற்காதீர்கள், ஒடிக்காதீர்கள். பவளத்தையும் ஆமையோட்டையும் நாட்டைவிட்டு எடுத்துவர அங்குச் சட்டம் தடுக்கிறது. கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கரையில் எறியாதீர்கள். அவ்வளவு சிறிய தீவில் குப்பைக்கு ஏது இடம்?

பையை ஆளுக்கொன்றாக, தாமே சுமக்கும் அளவுக்குக் கட்டுங்கள். பணத்தையும் கடவுச்சீட்டின் நகலையும் இருவரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். செலவைக் கணவர் மட்டுமே அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இவை அனைத்துக்கும் முன்னதாக ஒன்று. நம்பிக்கையாளர்கள் தம் காரியங்களைக் கலந்தாலோசித்துச் செய்வார்கள் என்று திருமறை புகழ்கிறது. அந்த ஆலோசனை ஜமாஅத்துக் கூட்டத்துக்கு மட்டும் உரியதன்று, வீட்டுக்கும் உரியது. பயணச் சீட்டு வாங்குவதற்கு முன் மனைவியிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எங்கே போக விருப்பம்? எதற்கு அச்சம்? முதல் கேள்வியைச் சிலராவது கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்பவர் அரிது. மனைவியரும், “சரி” என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் மூடி வைக்காமல் மனம் திறந்து சொல்லுங்கள். சொல்லாததை அறியும் ஆற்றல் அல்லாஹ் ஒருவனுக்கே உண்டு.

மாலத்தீவுதான் போக வேண்டும் என்பதில்லை. பணமும் விடுப்பும் குறைவென்றால் இராமேசுவரமும் ஏர்வாடியும் ஏலகிரியும் இருக்கின்றன. இரண்டு நாள், இரண்டு பைகள், வழித்துணையாக ஒரு துஆ. இவை போதும். வீட்டில் ஒருவரையொருவர் அறியாமல் கழிந்த ஆண்டுகளை ஈடுசெய்யும் வாய்ப்பை, இன்ஷா அல்லாஹ், வழியில் ஏதேனும் ஒரு படகுத்துறையோ பேருந்து நிலையமோ உங்களுக்கும் தரும். அப்போது படகு போய்விட்டதே என்று வருந்தாமல், அருகில் நிற்பவரின் முகத்தைப் பாருங்கள்.